சர்க்கரைப் பெருச்சாளி

காது மறுபடியும் தொங்குகிறது. ஒட்டும்போது நன்றாகத்தான் நிற்கிறது, கையை எடுத்ததும் வாடின வெற்றிலை மாதிரி மடங்கிக்கொண்டு வருகிறது. பெருச்சாளிக்கு எதற்கு இவ்வளவு பெரிய காது என்று கேட்டால் பதில் இல்லை, கதையில் அப்படிச் சொல்லிவைத்துவிட்டேன், திப்பிலி ஒரு காதை விரித்துப் படுத்துக்கொண்டு இன்னொரு காதைப் போர்த்திக்கொள்ளும் என்று. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். அதையே சர்க்கரை மாவில் செய் என்று ஒரு நாள் என் தலையில் வந்து விடியும் என்று யார் கண்டது. மின்விசிறியைப் போட்டால் மாவின் மேல்தோல் காய்ந்து வெடிக்கிறது, நிறுத்தினால் என் நெற்றி வேர்வை திப்பிலியின் முதுகில் சொட்டப் பார்க்கிறது. போடுகிறேன், நிறுத்துகிறேன், போடுகிறேன். இந்த மாவை விற்ற கேக்குக் கடைப் பெண் இதை ஃபாண்டன்ட் என்றாள், என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “ஃப்ரிட்ஜ்ல மட்டும் வெச்சுறாதீங்கண்ணா, வெளிய எடுத்ததும் வேர்த்து வடிஞ்சுரும்” என்றாள். என் அறையில் ஃப்ரிட்ஜ் இல்லை என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. ஃப்ரிட்ஜ், கட்டில், மகள் அமுதினியின் மூன்று சக்கர சைக்கிள் எல்லாம் பழைய வீட்டோடு போயிற்று. அவ்வளவு பெரிய வீட்டில் தனியாக இருந்து என்ன செய்ய என்று நானேதான் காலி செய்துவிட்டு இந்த மாடி அறைக்கு வந்தேன். அப்போது அது புத்திசாலித்தனமாகப் பட்டது. இன்று சாயங்காலம் ராசிபுரத்தில் அமுதினிக்குப் பிறந்தநாள், கேக்கின் உச்சியில் திப்பிலி உட்கார்ந்திருக்க வேண்டும், இந்தச் சேலத்து வெயிலில் அது பஸ் ஏறிப் போய்ச் சேருவதற்குள் காது இரண்டும் காய்ந்து நின்றுவிட வேண்டும்.

அமுதினியின் அம்மா சுகுணாதான் செய்தி அனுப்பியிருந்தாள். ‘அமுதினிக்குக் கேக்கு சொல்லியாச்சு. மேல திப்பிலி வேணுமாம். கடையில அப்படி ஒரு பொம்மை கிடையாதுன்னுட்டாங்க. நீங்க செஞ்சு தருவீங்களா.’ அவ்வளவுதான், கேள்விக்குறிகூட இல்லை. கடையில் எப்படி இருக்கும், திப்பிலியை உலகத்தில் பார்த்தவர் யார். அது என் வாயில் பிறந்து அமுதினியின் காதில் வளர்ந்தது. தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் குடியிருக்கும், தோளில் பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகும், திரும்பி வரும்போது தினமும் வழி மறந்துவிடும். என்னிடம் என் மகள் சம்பந்தமாக மிச்சம் இருப்பது இந்தப் பெருச்சாளி ஒன்றுதான். மற்றதெல்லாம் ராசிபுரத்தில் இருக்கிறது, அவளுடைய பள்ளிக்கூடம், விழுந்த பல், புதிதாகக் கற்றுக்கொண்ட பாட்டு, யார் யாரோ சிநேகிதிகள். மாமனார் வீட்டிலிருந்து போனில் பேசும்போது எவளோ ஒருத்தியின் பேரைச் சொல்லி அவள் இப்படிச் செய்தாள் அப்படிச் செய்தாள் என்கிறாள், எனக்கு ஒன்றும் புரியாது, ஆமாம் ஆமாம் என்பேன். திப்பிலி அப்படி இல்லை. அதைப் பற்றி என்னைக் கேட்டால்தான் உண்டு. அதனால்தான் செய்தியைப் பார்த்ததும், மாவு பிசையத் தெரியுமா தெரியாதா என்றெல்லாம் யோசிக்காமல் சரி என்று அனுப்பிவிட்டேன். அனுப்பின பிறகு பயம் வந்துவிட்டது. கேக்கைச் சுற்றி ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் நிற்கும்போது அமுதினி நிமிர்ந்து பார்த்து, இது திப்பிலி இல்லை என்று சொல்லிவிட்டால். வருஷம் ஒன்று ஓடிவிட்டது, கதை சொல்லி. பிள்ளைகள் எதை வைத்துக்கொள்கிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்று யாருக்குத் தெரியும். நான் சொன்ன திப்பிலி ஒன்று, அவள் மனசுக்குள் பார்த்த திப்பிலி வேறு ஒன்றாக இருந்திருக்கலாம். ஒரு தடவையாவது, உன் திப்பிலி எப்படி இருக்கும் சொல்லு என்று அவளைக் கேட்டிருக்கிறேனா. சொல்லிக்கொண்டே இருந்தேன், அவ்வளவுதான்.

பல் மட்டும் பிரமாதமாக வந்திருக்கிறது. அதுதான் சங்கடமாகவும் இருக்கிறது. எனக்குப் பிழைப்பே பல், டென்டல் லேபில் மெழுகைச் சுரண்டிச் சுரண்டி ஊரான் வாய்க்குப் பல் செட் செய்பவன், கை பழக்கத்தில் திப்பிலிக்கும் முன்பல், கோரைப்பல், கடைவாய்ப்பல், அதில் மேடு பள்ளம் என்று அச்சாகச் செய்துவிட்டேன். தள்ளிவைத்துப் பார்த்தால் ஓட்டுக் கேட்டு வீதியில் வருகிற ஆளைப் போலச் சிரிக்கிறது. பெருச்சாளிக்கு முன்னால் இரண்டு பல் போதும். பிடுங்க மனசு வரவில்லை, வாயைச் சின்னதாக்கி மறைத்துவிட்டேன். அதற்கு முன்னால் இன்னொரு கூத்து. இதற்கென்றே வாங்கின புது மெழுகுக் கத்தியை, மாவு ஒட்டுகிறதே என்று, லேபில் செய்கிற மாதிரி ஸ்பிரிட் விளக்கில் காட்டி மூக்கில் வைத்தேன். மெழுகென்றால் வழுக்கிக்கொண்டு போயிருக்கும். சர்க்கரை புஸ்ஸென்று கருகி, மூக்கு கத்தியோடு வந்துவிட்டது, அறை முழுக்கப் பாகு தீய்ந்த வாடை. இத்தனை வருஷம் கை செய்த வேலையை இன்று மட்டும் செய்யாதே என்றால் கேட்கிறதா. பல் செட் வேலையில் எனக்குப் பிடித்ததே ஆளைப் பார்க்க வேண்டியதில்லை என்பதுதான். டப்பாவில் வாயின் அச்சு வரும், பல்லின் நிறம் எழுதி வரும், செய்து அனுப்பிவிடலாம், யாரும் நம் முன்னால் உட்கார்ந்து அழுவதோ குறை சொல்வதோ இல்லை. சுகுணா ஒரு தடவை சொன்னாள், “மனுசங்களும் அப்படி டப்பாவுல வந்தா உங்களுக்கு நல்லா இருக்குமுங்க.” நான் சிரித்தேன். நன்றாகச் சொன்னாய் என்றுகூடச் சொன்னதாக ஞாபகம்.

வாலுக்குச் சாம்பல் நிறம் போதவில்லை, வெள்ளையில் துளி கறுப்பு வைத்துப் பிசைய வேண்டும். கதை சொல்லும் நேரமும் இப்படித்தான் இருக்கும், விசிறி நின்று ஓடும், கரண்ட் போய் வரும். சாப்பிட்டு முடித்ததும் அமுதினியை மடியில் போட்டுக்கொண்டு, சமையலறைக்கு முதுகைக் காட்டிச் சுவரில் சாய்ந்துகொள்வேன், திப்பிலி வேலைக்குக் கிளம்பிவிடும். திப்பிலி மட்டும் போதாது, அதற்கு ஒரு ஆள் எதிரில் வேண்டும் இல்லையா, அதற்காகப் பல்லியக்காவைக் கொண்டுவந்தேன். பல்லியக்கா டியூப் லைட்டுக்குப் பின்னால் இருப்பாள், திப்பிலி என்ன செய்தாலும் ச்ச்ச் என்று ஆரம்பிப்பாள். ச்ச்ச், ஈரக் காலோட வராதே. ச்ச்ச், சோறு ஆறிட்டுக் கெடக்குது. ச்ச்ச், பையை அங்க வெக்காதேன்னு எத்தனை வாட்டி சொல்றது. வார்த்தைக்கு வார்த்தை சுகுணா. குரலையும் அதே மாதிரி மூக்கில் கொண்டுவந்து கடைசியில் இழுத்துவிடுவேன். அமுதினி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள், மறுபடியும் மறுபடியும் என்பாள், எனக்கும் குஷி வந்துவிடும், பல்லியக்காவை இன்னும் கொஞ்சம் திட்ட வைப்பேன். பொல்லாப்பு ஒன்றும் இல்லை, வீட்டுக்கு வீடு நடப்பதுதான், பிள்ளை சிரித்தால் போதும். சுகுணா உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள், குழாய்ச் சத்தத்தில் அவளுக்கு என்ன கேட்டிருக்கப் போகிறது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள், எதைத்தான் சொல்லாமல் விட்டாள். இப்போது வால் சரியாக வந்திருக்கிறது, நுனி மட்டும் மெலியவில்லை, சோள மாவைத் தொட்டு உருட்டினால் வந்துவிடும்.

அவள் கோபித்துக்கொண்டு போனாள் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். போகவில்லை. மாமனாருக்கு இடுப்பு எலும்பு ஆபரேஷன், கூட இருந்து பார்க்கப் போனாள், நானே பஸ் ஏற்றிவிட்டேன். மாமனார் எழுந்து நடந்தார், தோட்டத்துக்குப் போனார், சந்தைக்கும் போனார், இவள் வரவில்லை. எங்கள் பக்கத்தில் பிறந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்ட பெண்ணைப் புருஷன் போய்க் கூப்பிட வேண்டும். வீட்டுக்குள் போய், பெரியவர்கள் முன்னால் கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு, வா போகலாம் என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்னால்தான் அவள் பையை எடுப்பாள். அதற்குக் கூப்பிடப் போவது என்றே பேர். நான் என்ன யோசித்தேன் என்றால், கோபித்துக்கொண்டு போனவளைத்தானே கூப்பிட வேண்டும், அப்பாவைப் பார்க்கப் போனவளை எதற்குக் கூப்பிடுவது, போன வேலை முடிந்தால் தானாக வர வேண்டியதுதானே. நான் போய்க் கூப்பிட்டால் அவள் கோபித்துக்கொண்டுதான் போனாள் என்று நானே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும், அப்படியானால் கோபத்துக்குக் காரணம் நான் என்றும் ஆகிவிடும். வக்கீலுக்குப் படித்திருக்கலாம். பள்ளிக்கூடம் திறந்தது, அமுதினியை அங்கேயே சேர்க்கிறோம் என்றார்கள், இங்கிருந்து டி.சி. வாங்கிக் கொடுத்ததும் நான்தான், ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லாமல். ஒரு கல்யாணத்தில் மச்சான் பழனியப்பன் என்னைத் தனியாகக் கூட்டிப்போய், “ஒரு நடை வந்து வான்னு சொல்லிட்டுப் போனா என்ன மாப்ள கெட்டுப்போச்சு” என்றார். “நான் போன்னு சொல்லவே இல்லையே மச்சான்” என்றேன். நல்ல பதில் கொடுத்தோம் என்று பஸ்ஸில் சேலம் வரும்வரை சந்தோஷமாக இருந்தது, பூட்டைத் திறந்து உள்ளே வந்த பிறகுதான் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. இன்று போவதுகூடக் கூப்பிடப் போவது இல்லை. பொம்மை கொண்டுபோகிறேன். யாரும் எதுவும் சொல்ல முடியாது, நானும் எதையும் விட்டுக்கொடுத்ததாக ஆகாது. காலையில் கண்ணாடி முன்னால் நின்று, பொம்மை கொண்டுவந்தேன் என்று சொல்லிப் பார்த்தேன், கூரியர்க்காரன் குரல் மாதிரி இருந்தது.

போன் அடித்தது, சுகுணாவின் நம்பர். கை பூராவும் மாவு, முழங்கை முனையால் அழுத்தி ஸ்பீக்கரில் போட்டேன். அமுதினிதான். “அப்பா, திப்பிலி ஆயிருச்சுங்களா?” என்றாள். ஆகிக்கொண்டே இருக்கிறது சாமி, காதுதான் நிற்க மாட்டேன் என்கிறது என்றேன். “எந்தக் காதுங்கப்பா, படுக்கிற காதா, போத்திக்கிற காதா?” என்றாள். மறக்கவில்லை. கையில் இருந்த காதைக் கீழே வைத்துவிட்டேன், நசுக்கிவிடுவேன் போல இருந்தது. போர்த்திக்கொள்வதுதான் என்றேன். “அது தொங்கிட்டுத்தான் இருக்கும்ப்பா, நனைஞ்சு போச்சுல்லங்க” என்றாள். எப்போது நனைந்தது என்று கேட்டேன். “லாரிக்கு அடியில தூங்குச்சே, வழி தெரியாம, மழை பேஞ்சுதே, அன்னைக்குத்தான்.” லாரியும் மழையும் எந்தக் கதையில் வந்தது என்று யோசிக்கிறேன், யோசிக்கிறேன், அப்படி ஒன்று நான் சொல்லவே இல்லை. “அது அப்பா சொன்ன கதை இல்லையே சாமி” என்றேன். “அம்மா சொன்னதுங்கப்பா. அம்மாதான் டெய்லி சொல்லுது.” எனக்குக் கதையெல்லாம் வராதுங்க, நீங்களே சொல்லுங்க என்று பிள்ளையை என்னிடம் தள்ளிவிட்டுப் போகிறவள். அவள் எப்படிச் சொல்லுவாள், திப்பிலி பையை எந்தத் தோளில் மாட்டும் என்று அவளுக்கு எப்படித் தெரியும். பல்லியக்கா வருகிறாளா அதில் என்று கேட்டேன், கேட்டிருக்க வேண்டாம். “பல்லியக்கா வராம எப்படிங்கப்பா” என்று சிரித்தாள், “அம்மா அப்படியே உங்களை மாதிரியே செய்யும், ச்ச்ச், ஈரக் காலோட வராதேன்னு. நான் கேட்டேன், அப்பா பல்லியக்காவுக்குக் குரலை மாத்துவாருல்ல, நீ ஏம்மா மாத்த மாட்டேங்கறேன்னு. எனக்கு மாத்த வேண்டியதில்ல கண்ணு, இதே குரல்தான்னு சொல்லி அம்மா சிரிச்சுச்சுங்க.”

குழாய் நின்றுவிடும். இப்போது ஞாபகம் வருகிறது, ஞாபகம் என்றுகூடச் சொல்ல முடியாது, எப்போதும் தெரிந்திருந்ததுதான், பல்லியக்கா ச்ச்ச் என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் சமையலறைக் குழாய் நின்றுவிடும். பல்லியக்கா முடித்ததும் மறுபடி ஓடும். தண்ணீரை மிச்சம் பிடிக்கிறாள் என்று நினைத்தேனா, எதுவும் நினைக்காமல் இருந்தேனா. நான் அவள் குரலை இழுத்து இழுத்துப் பிள்ளையைச் சிரிக்க வைத்த ஒவ்வொரு தடவையும் அவள் குழாயை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள், முழுக் கதையையும், ஒரு வரி விடாமல், பை எந்தத் தோள் என்பது வரைக்கும். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன் பார், அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. ஈரக் காலோடு வராதே, சோறு ஆறுகிறது, இதையெல்லாம் சொல்லும்போது அவள் திட்டினாளா, அல்லது ஒருத்தன் வீட்டுக்கு வந்துவிட்டான் என்பதற்கு அவளிடம் இருந்த வார்த்தைகளே அவ்வளவுதானா. இந்த ஒரு வருஷம் முழுக்க அவள் என்னை அமுதினியிடமிருந்து துடைத்துக்கொண்டிருக்கிறாள் என்று நான் ஊரெல்லாம் சொல்லாமல் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவள் அங்கே என் கதையை, என் மாதிரியே, தன்னைக் கேலி செய்கிற இடத்தைக்கூட விடாமல், பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். திப்பிலியை லாரிக்கு அடியில் படுக்கவைத்து மழையில் நனைய விட்டிருக்கிறாள், அது வேறு. வழி தெரியாமல் என்றுதான் சொல்லியிருக்கிறாள், வர மனசில்லாமல் என்று சொல்லவில்லை.

“அப்பா, இருக்கீங்களா?” என்றாள் அமுதினி. இருக்கேன் சாமி என்றேன். “பல்லியக்காவும் செஞ்சிருக்கீங்கல்லங்க?” செய்யவில்லை. தோன்றவே இல்லை. திப்பிலி மட்டும் என்றுதானே செய்தியில் இருந்தது என்று வாய்வரைக்கும் வந்தது, எனக்குள் இருக்கிற அந்தப் பாழாய்ப்போன வக்கீல். விழுங்கிவிட்டு, செய்கிறேன் என்றேன். “ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல ஒக்காந்திருக்கணும், தள்ளித் தள்ளி வெக்கக் கூடாது” என்றாள். சரி, பல்லியக்கா எப்படி இருப்பாள் சொல்லு என்றேன், உருப்படியாக இன்று நான் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். “உங்களுக்குத் தெரியாதுங்களா?” என்றாள் ஆச்சரியமாக. “உடம்பு தெரியும் சாமி. வாய்தான் எப்படி வெக்கிறதுன்னு தெரியலை” என்றேன். “இருங்க, அம்மாவக் கேக்கறேன்.” போனைக் கையில் வைத்துக்கொண்டே ஓடுகிறாள், பலூனோ என்னவோ உரசுகிறது, யாரோ ஸ்டூலை இழுக்கிறார்கள். “அம்மா, பல்லியக்காவுக்கு வாய் எப்படின்னு அப்பா கேக்கறாரு.” பிறகு சுகுணாவின் குரல், தூரத்திலிருந்து, கோபமே இல்லாமல், உப்பு தீர்ந்துபோச்சு என்று சொல்கிற மாதிரி, “தொறந்தே வெக்கச் சொல்லு. மூடி இருந்து உங்கப்பா பார்த்ததில்லை.” அமுதினி ஓடி வந்து, “தொறந்தே வெக்கணுமாமுங்கப்பா” என்றாள். சரி சாமி என்றேன். சீக்கிரம் வாங்க என்று வைத்துவிட்டாள்.

பல்லிக்கு நிறம் கலக்க வேண்டியதில்லை, மிச்ச வெள்ளையே போதும், விரல் நுனியில் துளி பழுப்பு தொட்டால் சரியாக இருக்கிறது. உடம்பு, வால், நாலு கால், விரல்களுக்குக் கத்தியால் சின்னச் சின்னக் கீறல். தலையை உருட்டி வாயைத் திறந்துவைத்தேன், இரண்டு கிள்ளில் வந்துவிட்டது. பல்லியக்காவேதான், இந்தா இப்போது ச்ச்ச் என்று ஆரம்பிப்பாள், கண்ணை மூடிக்கொண்டே செய்யலாம். பார்க்கப் பிடிக்கவில்லை, தலையை எடுத்து மறுபடி உருட்டினேன். வாய் மூடின சுகுணா. தூங்கும்போது எப்படி இருப்பாள், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பாள். அமுதினிக்குக் காய்ச்சல் என்று போன ஆஸ்பத்திரியில் டாக்டர் பேசினதைக் கேட்டுக்கொண்டு என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள், நான் டாக்டரைப் பார்த்தேன். பஸ் ஏற்றிவிட்ட அன்று ஜன்னலில் உட்கார்ந்திருந்தாள், பஸ் கிளம்ப நேரமாயிற்று, நான் செல்போனில் லேபுக்குப் பேசிக்கொண்டிருந்தேன், அவள் ஒன்றும் சொல்லவில்லை, அப்போது அவள் முகம் எப்படியோ இருந்திருக்கும். ஏதாவது சொன்னால் திரும்பிப் பார்ப்பேன், சொல்லி முடித்ததும் என் வேலையைப் பார்ப்பேன், எங்கள் வீட்டில் அப்படித்தான் நடந்திருக்கிறது. கத்தியால் ஒரு கோடு இழுத்தேன், சிரிக்கிற மாதிரி வந்தது, பொய். கீழே வளைத்தேன், அழுகிற மாதிரி வந்தது, அதுவும் நானாகச் சொல்வது. விரலால் தேய்த்து மழுக்கிவிட்டேன். கண் இருக்கிறது, வாய் இல்லை, அப்படியே திப்பிலியின் பக்கத்தில் ஒட்டி அட்டைப் பெட்டியில் வைத்தேன், காது தொங்கினால் தொங்கட்டும், நனைந்த காதுதானே. கத்தியைத் துடைத்துத் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன், பல்லியக்காவின் முகத்தில் மாவு காய்வதற்குள் போய்விட வேண்டும். பொம்மை கொண்டுவந்தேன் என்று சொல்லப் போவதில்லை. வா என்று சொல்ல வேண்டும், சொல்ல வருமா என்று தெரியவில்லை, சொன்னாலும் பையை எடுப்பாள் என்று எந்த நிச்சயமும் இல்லை, எடுக்காமல் இருக்க அவளுக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால், அங்கே வைத்தே, பல்லியக்காவின் வாயைச் செய்துவிடலாம். நான் போய் வாசலில் நின்றதும் சுகுணா எதுவும் பேச மாட்டாள், அப்போது நன்றாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.